பெருமாள் இன்றும் முளை தின்றான்

பெருமாள் இறந்த எழுபத்து நான்காம் நாள், அவனுடைய நுரையீரல் நல்ல நிலையில் இருக்கிறது என்று கம்பெனி அறிவித்தது. அறிவிப்புப் பலகையில் போட்டோவோடு ஒட்டியிருந்தார்கள். "ஆரோக்கியத் தொழிலாளர் விருது: பெருமாள், பிளேட்டிங் ஷாப்." படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. எதுக்குங்க சிரிக்கணும் என்று அவன் கேட்டதும், சும்மா சிரிங்க என்று போட்டோக்காரர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் பெயர் கௌஸ் மொய்தீன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பிளேட்டிங் ஷாப்பில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். போல்ட்டுகளைக் கொக்கியில் மாட்டி முதலில் ஆசிட் தொட்டியில் முக்குவோம், அப்புறம் துத்தநாகத் தொட்டியில் முக்குவோம். உங்கள் பைக்கில் துருப்பிடிக்காமல் மினுங்கும் போல்ட்டுகளில் ஒன்றாவது என் கை பட்டதாக இருக்கும். ஆசிட் தொட்டியிலிருந்து எழும் புகையை வெளியே இழுக்கச் சுவரில் ஒரு பெரிய ஓட்டையும், அதில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தன. இப்போது இல்லை. முள்ளங்கிதான் காரணம்.

ஜனவரி முதல் தேதி கம்பெனியில் நலவாழ்வுத் துறை என்று ஒன்று தொடங்கினார்கள். அதற்கு முன் அந்த அறையில் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஒரு நர்ஸம்மாவும் இருந்தார்கள். இரண்டையும் அப்புறப்படுத்தி, கண்ணாடிக் கதவு போட்டு, பெங்களூரிலிருந்து பாஸ்கரன் என்ற மேலாளரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். முதல் நாளே எங்களையெல்லாம் கேன்டீனில் கூட்டிப் பேசினார்.

"நண்பர்களே, இத்தனை காலம் முள்ளங்கியைச் சாம்பாரில் போட்டு அவமானப்படுத்திவிட்டோம். அதன் முளையில் இருப்பது வெறும் காரம் அல்ல, குளுக்கோசினோலேட். யாரும் தொடாதவரை அது சும்மா இருக்கும். மென்று நசுக்கினால், செடிக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி அதன்மேல் வேலை செய்து ஐசோதயோசயனேட் என்ற பொருளை வெளியே விடும். அது உங்கள் உடம்பில் நச்சு நீக்கும் நொதிகளைத் தட்டி எழுப்பும். விளைந்த கிழங்கைவிடச் சின்ன முளையில்தான் இது அதிகம். இதிலிருந்து என்ன தெரிகிறது? நசுக்கினால்தான் நல்லது வெளியே வரும். செடிக்கும் அப்படித்தான், தொழிலாளிக்கும் அப்படித்தான்."

எல்லாரும் கைதட்டினோம். பெருமாள் மட்டும் எழுந்து நின்றான். சாமல்பட்டிக்காரன், நாற்பத்தொரு வயது, தொட்டியில் எனக்கு ஜோடி. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

"சார், பொகைய வெளிய வுட்டா பத்தாதுங்களா?"

பாஸ்கரன் அவனைப் பரிவோடு பார்த்தார். "அது பழைய சிந்தனை. புகையை வெளியே அனுப்பினால் ஊருக்குக் கெடுதல். உள்ளே வாங்கி நீக்கினால், அதற்குப் பெயர்தான் சமூகப் பொறுப்பு."

மறுபடியும் கைதட்டினோம். அவர் சொன்ன முள்ளங்கி விஷயத்தில் பொய் இல்லை என்று பிறகு என் மகள் ஜைபா செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். முளையில் அதெல்லாம் இருக்கிறதாம். ஆசிட் புகையில் எட்டு மணி நேரம் நிற்பவன் தின்றால் ஃபேன் தேவைப்படாது என்று மட்டும் அதில் எங்கேயும் எழுதவில்லையாம்.

ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்தார்கள். தட்டில் பெயர் ஒட்டியிருந்தது. நல்ல வெளிச்சமும் ஈரமும் எங்கே இருக்கிறது என்று ஒரு வாரம் கருவி வைத்து அளந்து, பிளேட்டிங் ஷாப்பின் ஃபேன் ஓட்டைதான் உத்தமமான இடம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஃபேன் ஓடினால் முளை வாடியது. எனவே ஃபேனைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, ஓட்டையைக் கண்ணாடித்தாளால் மூடி, அதற்கு முன்னால் ரேக் அடித்துத் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். புகை வெளியே போன வழியில் முள்ளங்கி நின்று வெயில் பார்த்தது.

புகையைப் பற்றிப் புகார் எழுத எங்களிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் பாதிக்கு மேல் பெருமாள் எழுதியதுதான். எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, மீதியைக் கோடு போட்டு முளைப் பதிவேடு ஆக்கினார்கள். பேனாவை அழுத்தி எழுதுகிற ஆள் அவன். முதல் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் எங்கள் பெயர்களுக்கு அடியில் அவனுடைய எழுத்தின் பள்ளம் தெரியும். "மூச்சு விட" என்பதுவரை நான் படித்திருக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கும்போது கையில் ஒரு பிடி முளையோடு வரிசையில் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். "மெல்லுவேன். முழுமையாக மெல்லுவேன். முப்பத்திரண்டு முறை மெல்லுவேன்." தின்றதும் பதிவேட்டில் டிக் போட வேண்டும். ஆறே காலுக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். ஜோடியில் ஒருவர் தின்னாவிட்டாலும் இருவருக்கும் வெள்ளிக்கிழமை கேன்டீனில் தரும் முட்டை கிடையாது. தின்றவர்களுக்கு எட்டு மணிக்குச் செல்போனில் ஒரு மெசேஜ் வரும். "வாழ்த்துகள் கௌஸ் மொய்தீன்! இன்று உங்கள் நுரையீரல் உற்சாகமாக இருக்கிறது."

பிப்ரவரியில் நோன்பு தொடங்கியது. விடிவதற்கு முன் சாப்பிட்டுவிட்டு வருகிறவன் ஆறு மணிக்கு முளை தின்ன முடியாது. பாஸ்கரனிடம் கேட்டேன். மதங்களை மதிப்பது கம்பெனியின் கொள்கை என்றும், பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை என்றும் சொன்னார். தொட்டிக்குத் திரும்பி வந்து என்ன செய்வது என்று நின்றபோது பெருமாள் என் கையிலிருந்த முளையை வாங்கிக்கொண்டான்.

"வுடுங்க பாய், நான் பாத்துக்கறன்."

முப்பது நாளும் இரண்டு பங்கு தின்றான். முள்ளங்கி என்றாலே அவனுக்குப் பிடிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. நோன்பு முடிந்தபோது அவன் தொண்டை புண்ணாகியிருந்தது. புகையில் ஏற்கெனவே வெந்துகிடந்த தொண்டை. பெருநாள் முடிந்து வேலைக்கு வந்த அன்று முளையை வாயில் போட்டவன் இருமத் தொடங்கி, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

"எறங்க மாட்டேங்குது பாய். ஆணிய முழுங்கற மாதிரி இருக்குது."

நான் அவன் பங்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். "வுடு பெருமாளு, நான் பாத்துக்கறன்" என்றேன். அவன் பெயருக்கு நேரே டிக் போட்டேன். அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அவனால் முடியவில்லை. அப்படியே நாட்கள் ஓடின. நட்புக்காகத்தான் போட்டேன். முட்டைக்காகவும் போட்டேன். இதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஏப்ரல் நடுவில் அவனால் படி ஏற முடியவில்லை. பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று நான்தான் அவனைக் கண்ணாடிக் கதவுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மூச்சு முட்டுகிறது என்று அவன் சொல்லி முடிப்பதற்கே நேரம் பிடித்தது. பாஸ்கரன் பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எண்பத்திமூணு நாள். எண்பத்திமூணு டிக். பெருமாள், நீங்க இந்த ஃபேக்டரியிலேயே ரொம்ப ஆரோக்கியமான ஆள். உங்க உடம்புல நச்சு நீக்கும் நொதியெல்லாம் எழுந்து நிக்குது. அது நிக்கிற உடம்புல மூச்சு முட்டாது."

"முட்டுதுங்க சார்."

"உங்களுக்கு அப்படித் தோணுது. பதிவேட்டுல இல்லையே?"

பெருமாள் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். பெருநாளுக்கு அப்புறம் விழுந்த டிக்கெல்லாம் என்னுடையது சார், இவன் தின்னவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மோசடி என்று இருவரையும் வெளியே அனுப்புவார்கள். அந்த நினைப்பில் பதிவேட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "செரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பித் தொட்டிக்கு வந்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாமல்பட்டியில், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தான். கம்பெனி வருத்தம் தெரிவித்தது. ஆரோக்கியமாக இருந்தவர் இறந்ததால் தனிப்பட்ட காரணம் என்று எழுதிக்கொண்டது.

திங்கட்கிழமை ரேக்கில் அவன் தட்டு இருந்தது. விதை போடுகிறவர் வழக்கம்போலப் போட்டு, வழக்கம்போலத் தண்ணீர் தெளித்திருந்தார். நான் பாஸ்கரனிடம் போனேன்.

"சார், பெருமாள் தட்ட எடுத்துடலாங்களா?"

"தட்டு ஒப்படைப்புப் படிவம் இருக்கு. தட்டுக்காரரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரு எறந்துட்டாருங்க சார்."

"அது ஹெச்.ஆருக்குத் தெரியும். அவங்க லிஸ்ட்ல அவர் இல்லை. எங்க லிஸ்ட்ல இருக்கார். நலவாழ்வுத் துறையில மரணத்துக்குக் கட்டம் கிடையாது கௌஸ். அப்படி ஒரு கட்டம் வெச்சா அது எப்படி நலவாழ்வுத் துறை ஆகும்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். தட்டு இருந்தால் முளை வரும். வந்த முளையை யாராவது தின்றாக வேண்டும். பெருமாளின் வேலைக்கு முனிராஜ் என்ற ஆள் வந்தான். ஓசூர்க்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், என் வயதுதான், மனசு வெள்ளை. அவனுக்குப் புதுத் தட்டு கொடுத்தார்கள். எங்கள் ஜோடியில் இப்போது மூன்று பேர் இருந்தோம்.

பெருமாளின் பங்கை நான் தின்றேன். இறந்தவனுக்கு ஏன் டிக் போட்டாய் என்று கேட்பீர்கள். அவன் பெயருக்கு நேரே ஒரு காலிக் கட்டத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டிக் போட்டுக்கொண்டிருந்தால் அவன் எங்கேயோ ஷாப்புக்குள்ளேயே, கொக்கி எடுக்கப் போனவன்போல, இருக்கிறான் என்று இருந்தது.

இருக்கவும் செய்தான். ரேக்கில் எல்லாத் தட்டிலும் முளைகள் கண்ணாடித்தாள் பக்கம், வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். பெருமாளின் தட்டில் மட்டும் உள்ளே சாய்ந்தன, அவன் நின்று வேலை செய்த நான்காம் தொட்டியைப் பார்த்து. நான் தட்டைத் திருப்பிவைப்பேன். மறுநாள் மறுபடியும் உள்பக்கம் பார்த்து நிற்கும். டியூப்லைட் வெளிச்சம் என்றான் முனிராஜ். அப்படியும் இருக்கலாம்.

ஆசிட் தொட்டியிலிருந்து கொக்கியைத் தூக்கினால் சொட்டு வடிய விளிம்பில் ஒரு தட்டு தட்டுவோம். பெருமாள் இரண்டு தட்டுவான். டக், டக். அவன் போன பிறகும் அது எனக்குக் கேட்டது. நின்று திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு மாதம் பயந்து பயந்து வேலை செய்தேன். அப்புறம் ஒருநாள் கவனித்தேன், தட்டியது என் கைதான். எப்போது அவன் பழக்கம் எனக்கு வந்தது என்று தெரியவில்லை. அதே வாரத்தில்தான் இருமல் தொடங்கியது.

விருது விழாவுக்கு அவன் மனைவி லட்சுமியம்மாளைச் சாமல்பட்டியிலிருந்து கம்பெனி வண்டியில் கூட்டிவந்தார்கள். மேடையில் பூமாலை, பேனர், பேனரில் பெருமாளின் சிரிப்பு. பாஸ்கரன் மைக்கைப் பிடித்தார்.

"நூற்று அறுபத்தைந்து வேலை நாட்கள். ஒரு நாள்கூட விடவில்லை. இடையில் பெருமாளுக்குச் சில தனிப்பட்ட இடையூறுகள் ஏற்பட்டன. அப்போதும் அவர் முளையை நிறுத்தவில்லை. நமக்கெல்லாம் என்ன சாக்கு இருக்கிறது, நண்பர்களே? அவருடைய நுரையீரல் வயது இருபத்து நான்கு என்று நம் மென்பொருள் கணக்கிட்டிருக்கிறது. அது இனி ஏறப்போவதும் இல்லை."

லட்சுமியம்மாளின் கையில் சான்றிதழையும் ஒரு கூடை முள்ளங்கியையும் கொடுத்தார்கள். அந்தம்மா கூடையைப் பார்த்தாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"எங்கூட்டுக்காரரு முள்ளங்கி சாம்பாரக்கூடத் தொட மாட்டாருங்களே. வாசனையே ஆவாதுங்களே அவருக்கு."

பாஸ்கரன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "பார்த்தீர்களா! வீட்டில் மாற்ற முடியாததைக் கம்பெனி மாற்றியிருக்கிறது!"

அந்த வருஷத்திலேயே பெரிய கைதட்டல் அதுதான். நானும் தட்டினேன், பக்கத்தில் சூப்பர்வைசர் இருந்தார்.

விழா முடிந்து கேட் அருகே வண்டிக்காக நின்றுகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்கதான அவருகூட இருந்தீங்க. நெசமா தின்னாரா அவரு?"

மேடையில் இருந்தவர்களை ஏமாற்றலாம். அந்த முகத்தை ஏமாற்ற முடியவில்லை.

"பெருநாள் வரைக்கும் தின்னாரும்மா. நோம்பு மாசம் எம்பங்கயும் சேத்துத் தின்னாரு. மீதி நாளெல்லாம் நான்தான் தின்னன். டிக்கும் நான்தான் போட்டன். அந்த டிக்க பாத்துத்தான் அவர மாத்த மாட்டேன்னுட்டாங்க. நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தன், வாயத் தொறக்கல."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து பெருமாளின் செல்போனை எடுத்துக் காட்டினாள். வரிசையாக மெசேஜ். வாழ்த்துகள் பெருமாள், வாழ்த்துகள் பெருமாள்.

"தெனம் எட்டு மணிக்குச் சத்தம் வருதுங்கண்ணா. அப்பா போனு அப்பா போனுன்னு புள்ளைங்க ரெண்டும் ஓடுதுங்க. படிச்சிக் காட்டச் சொல்லுதுங்க. நான் என்னான்னு படிக்கறது? இத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

செரிம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. அது நிற்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு இப்பிடித்தாண்ணா இருமுனாரு. மொதல்ல இப்பிடித்தான்."

வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. கூடை கேட்டிலேயே கிடந்தது. எனக்கு உயிர்ப்பயம் வந்தது அப்போதுதான்.

அன்று வீட்டில் நலவாழ்வுக் கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கம்பெனியில் யாரும் பிரித்துப் பார்க்காத புத்தகம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. "தொடர்ந்து ஏழு வேலை நாட்கள் முளை உட்கொள்ளாத தொழிலாளியின் பணியிடத்திற்கு நலவாழ்வு மேலாளர் நேரில் சென்று, தடையாக உள்ள காரணங்களைக் கண்டறிந்து, உடனடியாக நீக்க வேண்டும்." அதாவது ஏழு காலிக் கட்டம் விழுந்தால் பாஸ்கரன் பிளேட்டிங் ஷாப்புக்குள் வந்தே ஆக வேண்டும். உள்ளே வந்து ஐந்து நிமிஷம் நின்றால் போதும். தடை எது என்று அவர் மூக்கே சொல்லிவிடும்.

என் மனைவி தாஹிராவிடம் மட்டும் சொன்னேன். அவள் சமையலறைக் காலண்டரில் ஏழு வட்டம் போட்டாள். முனிராஜிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றே தின்னாமல் இருப்பது நாற்பத்திரண்டாம் பக்கத்தில் குற்றம். தெரிந்திருந்தால் அவனும் மாட்டுவான். நானே சுமந்துகொள்கிறேன் என்று நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமையே தொடங்கினேன். எனக்கும் டிக் போடவில்லை, பெருமாளுக்கும் போடவில்லை. இரண்டு காலிக் கட்டங்கள். அன்று எங்கள் மூவருக்கும் முட்டை இல்லை. எட்டு மணிக்கு என் போன் சும்மா இருந்தது. சாமல்பட்டியிலும் சும்மா இருந்திருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

இரண்டாம் நாள் பாஸ்கரன் கூப்பிட்டு அனுப்பினார். "உங்களைப் பத்திப் பெரிசாக் கவலை இல்லை கௌஸ். பெருமாளை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. நூத்தி அறுபத்தஞ்சு நாள் விடாத மனுஷன், விருது வாங்கின மறுநாளே நிறுத்திட்டார். தலைக்கனம்."

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒன்று எனக்கு, இன்னொன்று பெருமாளுக்கு. அவர் காலி நாற்காலியிடம்தான் முதலில் பேசினார். எது உங்களைத் தடுக்கிறது என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, "மௌனமாக எதிர்க்கிறார்" என்று எழுதிக்கொண்டார். நான்காம் நாள் பெருமாளின் தட்டில் ஒரு மெமோ ஒட்டினார்கள். மூன்று நாளில் நேரில் விளக்கம் தர வேண்டுமாம். அதை இரண்டு தடவை படித்தேன். அவன் வந்துவிடுவானோ என்று இருந்தது. வந்தால் யாரிடம் முதலில் விளக்கம் கேட்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் எங்கள் இருவருக்காகவும் மொத்தக் கம்பெனியும் முற்றத்தில் நின்று உறுதிமொழி சொன்னது. முந்நூறு பேர், மெல்லுவோம், முழுமையாக மெல்லுவோம் என்று. எனக்கு முளை லட்டு என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள் மறுபடியும் கண்ணாடிக் கதவுக்குள் நின்றேன். பாஸ்கரன் முகம் வெளிறியிருந்தது. மேஜைமேல் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு பக்கமும் டப்பா வைத்த பெரிய முகமூடி. விமானத்தில் வரவழைத்ததாம்.

"நாளைக்கும் நீங்க தின்னலைன்னா நான் அங்க வரணும்."

"வாங்க சார்."

"அந்த இடத்துல அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கக்கூடாதுன்னு என் டாக்டர் சொல்லியிருக்கார்."

"நாங்க எட்டு மணி நேரம் நிக்கறங்க சார்."

"நீங்க முளை தின்னிருக்கீங்க. நான் தின்னலையே."

"நீங்க ஏன் சார் தின்னல?"

அவர் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு அசிடிட்டி" என்றார்.

அன்று மாலை காலண்டரில் ஆறாவது வட்டத்தை அடித்துவிட்டுத் தாஹிரா சிரித்தாள். "இன்னும் ஒரு நாளுதாங்க. யார்கிட்டயும் வாயத் தொறக்காம இருங்க."

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருமல் பிடித்துக்கொண்டது. கேட் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் வந்தது, காது அடைத்தது. அது தணிந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஷாப்புக்குள் நுழைந்தபோது ஆறு இருபது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கட்டம் காலியாக இருந்தால் போதும், அதற்கு நான் வரவே வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பதிவேட்டை மூடி, மேலே சீல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கௌஸ் மொய்தீன், டிக். பெருமாள், டிக். பச்சை மை. அழித்தால் மோசடி.

முனிராஜ் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். வாயெல்லாம் முள்ளங்கி வாசனை. மூன்று பங்கு தின்ற காரத்தில் அவன் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தான்.

"நேரம் ஆயிப்போச்சு பாய், நீங்க வரல. ஏழு நாளு ஆனா ஆபீஸ்காரங்க உள்ளாறயே வந்துருவாங்களாமே. உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? இந்த ஒடம்ப வெச்சிட்டு நீங்க எப்பிடித் தின்னுவீங்க." என் தோளைத் தட்டினான். "வுடுங்க பாய், நான் பாத்துக்கறன்."

எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. அந்த வார்த்தைகளை நான் எங்கே சொன்னேன், எனக்கு யார் சொன்னது என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஏழு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். என் நெஞ்சு அப்படித் தொடங்காது. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நீங்க உக்காருங்க பாய் என்று சொல்லிவிட்டு அவன் என் வேலையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினான். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தேன். எதிரே ரேக்கில் பெருமாளின் தட்டு நான்காம் தொட்டியைப் பார்த்து நின்றது. அதற்குப் பக்கத்தில் என் தட்டு. என் முளைகளும் உள்பக்கம் சாயத் தொடங்கியிருந்தன.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. முனிராஜ் ஆசிட் தொட்டியிலிருந்து கொக்கியைத் தூக்கி விளிம்பில் தட்டினான். டக், டக். இத்தனை நாள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

எட்டு மணிக்குச் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. வாழ்த்துகள் கௌஸ் மொய்தீன், இன்று உங்கள் நுரையீரல் உற்சாகமாக இருக்கிறது. சாமல்பட்டியில் அதே நேரத்தில் இன்னொரு போனும் சத்தம் போட்டிருக்கும். ஒரு வாரமாகச் சும்மா கிடந்த போன். பிள்ளைகள் இரண்டும் ஓடியிருக்கும்.